வன்னியிலிருந்து மலைக்கு: ஹோட்டன் சமவெளியா, நக்கிள்ஸா?

வன்னியில் மலை என்று நாங்கள் பெயர் வைத்திருப்பவை வெடுக்குநாறி மலை, குருந்தூர் மலை போன்றவைதான். மூச்சு வாங்கத் தொடங்குவதற்குள் உச்சி வந்துவிடும். மற்றதெல்லாம் குளமும் வயலும் பாலை மரக் காடும். இப்படிப்பட்ட தரையில் வளர்ந்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, "காடு, கணவாய், முகடு எல்லாம் வருகிற மாதிரி ஒரு வட்ட நடை போவோம், கொஞ்சம் கஷ்டமாகவும் இருக்கட்டும்" என்று கிளம்பினால், எங்கே போவது என்ற கேள்விக்கு வழக்கமாக வரும் பதில்கள் இரண்டு. ஒன்று நுவரெலியாப் பக்கத்து ஹோட்டன் சமவெளி, மற்றது மாத்தளை, கண்டிப் பக்கத்து நக்கிள்ஸ் மலைத்தொடர். யாராவது பெரியவர் இருந்தால் சிவனொளிபாத மலையையும் சேர்த்துச் சொல்வார்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஷ்டம்தான் வேண்டும் என்றால் நக்கிள்ஸ். ஹோட்டன் அழகான இடம், அதில் சண்டை இல்லை. ஆனால் அதைச் சவால் என்று சொல்லி ஆள் சேர்ப்பவர்களை நம்ப வேண்டாம்.

ஹோட்டனில் வட்டம் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். நுழைவாயிலில் தொடங்கி சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி அதே இடத்துக்கு வர ஏறக்குறைய ஒன்பதரை கிலோமீட்டர். வழி தவறுவது கடினம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே என்றாலும், அந்த உயரத்துக்கு உங்களை ஏற்றுவது வாகனம்தான், கால் இல்லை. நடக்கும்போது ஏற்ற இறக்கம் கொஞ்சம்தான். உலக முடிவில் பாறை விளிம்பு சுமார் 870 மீட்டர் கீழே விழுகிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் காலை ஆறு மணிக்கே வாசலில் நிற்க வேண்டும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் பார்ப்பதற்கு வெள்ளைத் திரை மட்டும்தான் மிஞ்சும்.

வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உள்ளே போக முடியாது. பிஸ்கட்டைக்கூட உறையைப் பிரித்துக் காகிதத்தில் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலையும் கிழித்துவிடுவார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் பாதை துப்புரவாக இருப்பதன் காரணம் அதுதான். இன்னொன்று: கனடாவிலிருந்து வந்து நிற்கும் மச்சானையும் கூட்டிக்கொண்டு போனால், வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு டிக்கெட் விலை வேறு. வாசலில் நின்று முகம் சுளிப்பதைவிட முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஹோட்டனுக்குப் போய்விட்டு உண்மையில் கஷ்டப்பட விரும்புபவர்களுக்கு உள்ளேயே ஒரு வழி இருக்கிறது: கிரிகல்பொத்த. 2,388 மீட்டர், இலங்கையின் இரண்டாவது உயரமான சிகரம். போகிற கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் அது போய் வருகிற பாதை, வட்டம் இல்லை.

இனி நக்கிள்ஸ். வன்னிக்காரருக்கு முதல் லாபம் தூரம். ஏ9 நேராக மாத்தளைக்குக் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து ரத்தோட்டை வழியாக ஏறினால் ரிவஸ்டன். கண்டிப் பக்கமிருந்து போனால் ஹுன்னஸ்கிரியவில் திரும்பி லூல்வத்த, அதற்கு மேலே கோபெட் கணவாய். நுவரெலியா வரை வளைந்து வளைந்து போகும் நேரம் மிச்சம்.

இங்கே வட்டத்தைப் பலகை போட்டுக் காட்டுவதில்லை. கோபெட் கணவாய், தங்கப்புவ தோட்டம், 1,863 மீட்டர் நக்கிள்ஸ் சிகரம் ஆகிய மூன்றையும் வைத்து, எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்குவது என்று வழிகாட்டியோடு பேசி நீங்களே பொருத்த வேண்டும். வழிகாட்டி இல்லாமல் போகலாமா என்று கேட்காதீர்கள். இது 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்ட இடம். வனவளத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், வழி தெரிந்த ஆளும் வேண்டும். பனி இறங்கினால் பத்தடிக்கு முன்னால் போகிறவர் தெரியமாட்டார்.

நடையின் முதல் பகுதி காடு. ஒரு காலத்தில் மரநிழலில் ஏலக்காய் போட்ட இடங்கள். செடிகள் இன்னும் பற்றையாக நிற்கின்றன. மேலே போகப்போக மரங்கள் குட்டையாகி, முறுகி, பாசி மூடி, ஆள் உயரத்துக்கு வந்துவிடும். காற்றும் பனியும் அவற்றை அதற்கு மேல் வளர விடுவதில்லை. முகட்டுக்கு வந்ததும் மானாப்புல். படத்தில் பச்சைக் கம்பளம் மாதிரித் தெரிவது இதுதான். உள்ளே இறங்கினால் தலைக்கு மேல் நிற்கும், விளிம்பு கையைக் கீறும், பாதை எங்கே முடிந்து பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. முழுக்கைச் சேட்டு போடுங்கள். காலை வைக்குமுன் தடியால் தரையைத் தட்டிப் பாருங்கள்.

அட்டையைச் சொல்லாமல் நக்கிள்ஸைச் சொல்ல முடியாது. மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தாலும் சப்பாத்தின் கண்ணிகளுக்குள்ளே புகுந்திருக்கும். காற்சட்டையை மேசுக்குள் செருகி, மேசின் மேல் சவர்க்காரத்தை உலர்வாகத் தேய்த்தால் கொஞ்சம் குறையும். சித்தாலேப என்ற மூலிகைக் களிம்பைப் பூசுகிறவர்களும் உண்டு. கடித்துவிட்டால் பதறிப் பிய்க்க வேண்டாம், உப்பை வைத்தால் விழுந்துவிடும். ஹோட்டனின் வட்டப் பாதையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு; அங்கே குளிர்தான் எதிரி. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனியே படியும். கிளிநொச்சி வெயிலில் காய்ந்த உடம்புக்கு அது சும்மா குளிர் இல்லை.

வன்னிக்காரருக்கு நடை புதிதா? இல்லை. காட்டுக்குத் தேன் எடுக்கப் போனவர்கள், வயல் வரம்பில் நாள் முழுக்க நின்றவர்கள். தம் இருக்கிறது. இல்லாதது இறங்கிப் பழகிய முழங்கால். ஏறும்போது எல்லோரும் சமாளித்துவிடுவார்கள். நக்கிள்ஸில் ஆட்டம் காட்டுவது இறக்கம். குளக்கட்டின் சரிவில் ஒரு மாதம் ஏறி இறங்கிப் பழகினாலே வித்தியாசம் தெரியும். இரணைமடுக் கட்டு அதற்குத் தோதான இடம்.

மனிதர்கள் விஷயத்திலும் நக்கிள்ஸ் பக்கம்தான் நான். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. அந்த வீடுகளில் விசாரித்தால் ரத்தோட்டையிலோ ரங்கலவிலோ சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள். வான், சாப்பாடு, படுக்க இடம் எல்லாம் தமிழிலேயே பேசி முடிக்கலாம். அந்தக் குடும்பங்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து மன்னாரில் இறங்கி, நாட்கணக்கில் காட்டு வழி நடந்துதான் மாத்தளைக்குப் போனார்கள். எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்து போனார்கள். அந்த நடையோடு பார்த்தால் நாங்கள் சவால் என்று தேடிப் போவது வெறும் உல்லாசம்தான்.

சிவனொளிபாத மலை? 2,243 மீட்டர், இரத்தினபுரிப் பக்கம் ஏறி நல்லதண்ணிப் பக்கம் இறங்கினால் அசல் உழைப்பு. ஆனால் அது படிக்கட்டும் பக்தியும். டிசம்பர் போயா என்ற பௌர்ணமியிலிருந்து மே வெசாக் வரை பருவ காலத்தில் கூட்டத்தோடு கூட்டமாக இரவில் ஏறுவது தனிச் சுகம், வட்ட நடைக் கணக்கில் வராது.

அப்போ யாருக்கு எது? அம்மா, பிள்ளைகளோடு என்றால் யோசிக்காமல் ஹோட்டன். இளவட்டம் மட்டும் என்றால் நக்கிள்ஸ், அதுவும் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். காலபோக நெல் அறுவடை முடிந்து கை ஓய்கிற பெப்ரவரிக் கடைசியும் மார்ச்சும் இரண்டுக்கும் தோதான நேரம். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் மலையகத்து றோட்டுகளைப் படுத்திய பாட்டுக்குப் பிறகு, புறப்படும் கிழமையே பாதை நிலையை விசாரித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலுக்குத் தள்ளிப்போட்டால் பின்னேரத்தில் இடி மின்னல் வரும். மானாப்புல் முகட்டில் ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை, இருந்தாலும் மரத்தடியில் நிற்கக் கூடாது. ஆகவே விடியுமுன் ஏறத் தொடங்கி, மதியத்துக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடுங்கள்.