மாரியில கதவு சீவ விடாதீங்கோ

திருகோணமலையில், முக்கியமா உவர்மலை, உட்துறைமுக வீதிப் பக்கம் பழைய மரக்கதவோட இருக்கிறவை இதை ஒருக்கா வாசியுங்கோ.

எங்கட முன்கதவு அப்பா காலத்துத் தேக்கு. போன மார்கழி அடைமழையில் இறுகி, தோளால் இடிச்சுத்தான் திறக்க வேண்டியிருந்தது. தெரிஞ்ச ஒராள் சொல்லி ஒரு ஓடாவி வந்தார். கதவை ஒருதரம் இழுத்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

"அக்கா, நிலை இறங்கிட்டுது. சீவினாச் சரி. பிணைச்சலும் உக்கிட்டுது, மாத்தோணும்."

14,500 ரூபா. அதில் 10,000 முற்பணம். பித்தளைப் பிணைச்சல் எங்க உக்கும்? அந்த நேரம் எனக்கு அது ஓடேல்ல.

கரண்ட் சீவுளியால் பூட்டுப் பக்கம் மேலிருந்து கீழ்வரைக்கும் 3 நூல் (அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைய) எடுத்துப்போட்டார். சீவின இடத்துக்கு வார்னிஷ் பூசச் சொன்னேன்; "நாளைக்கு வாறன்" எண்டவர்தான். பழைய பிணைச்சல் மூண்டும் அவரின்ர பையோட போயிட்டுது. கதவு லேசாத் திறந்த சந்தோசத்தில் நான் மிச்சக் காசையும் குடுத்திட்டன்.

பிறகு கச்சான் காத்துத் தொடங்கினது. மாரியில் ஈரம் குடிச்சு அகலத்தில் ஊதின பலகை, அந்தக் காய்ஞ்ச காத்துக்குச் சுருங்கினது. ஏற்கெனவே சீவினதும் சேர்ந்து, நிலைக்கும் கதவுக்கும் நடுவில் என்ர சுண்டுவிரல் போகும். பூட்டு நாக்கு எட்டாமல் ரெண்டு கிழமை கதிரையை முண்டுகொடுத்துப் படுத்தம். வீடு முழுக்க மண். கடற்காத்துக்குப் புதுப் பிணைச்சலில் செங்கறள் வடிஞ்சு நிலையில் கோடு விழுந்திட்டுது.

போன் எடுத்தால், "மரம் சுருங்கினா நான் என்னக்கா செய்யிறது?" எண்டார். சுருங்குமெண்டு தெரிஞ்சவர்தானே சீவினவர்!

கடைசியா வயசான இன்னொரு ஓடாவியைக் கூட்டி வந்தம். அவர் முதல் பார்த்தது மேல் பிணைச்சல் இருந்த இடத்தை. பழைய ஆணி ஓட்டையெல்லாம் அகண்டு கிடந்தது. "ஆணி இளகிக் கதவு பூட்டுப் பக்கம் சரிஞ்சிருக்குது பிள்ளை. ஓட்டைக்குள்ள பசையோட மரச்சிராய் அடிச்சு, கொஞ்சம் நீளமான திருகாணி போட்டிருந்தா முக்கால்வாசி சரி. மிச்சம் வெயில் வந்தாத் தன்பாட்டில விடும்." அப்பவும் உரசினால், கதவுக்கும் நிலைக்கும் நடுவில் கார்பன் தாள் வைச்சு மூடி, கறுப்புப் பிடிக்கிற இடத்தை மட்டும் அரத்தாளால் தேய்ச்சால் போதுமாம். கதவின்ர மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தடவிக் காட்டினார்: வார்னிஷே இல்லை. தண்ணி கூடுதலா ஏறுறது அதாலதானாம். அப்பா காலத்தில் இருந்து ஒருத்தரும் கவனிக்கேல்ல, நான் உட்பட.

சீவின பக்கம் இப்ப ஒரு தேக்குப் பட்டி ஒட்டியிருக்குது. நிறம் சேரேல்ல. பித்தளைப் பிணைச்சலைத் திருப்பித் தரச் சொல்லி மூண்டுதரம் கேட்டாச்சு. "வாடியில தேடிப் பாக்கிறன்" எண்டதுதான் பதில். கதவு வேலைக்கு ஆள் பிடிக்கிறவை, கழட்டின சாமானை அந்த இடத்திலேயே எண்ணி வாங்கி வையுங்கோ. என்ர மூண்டும் இந்நேரம் பழைய இரும்புக் கடைத் தராசில ஏறியிருக்கும்.