முட்டை திருப்பும் கருவிக்கு வாங்கிய மஞ்சள் கியர் மோட்டார்

நாட்டுக்கோழி முட்டைகளை முதல் 18 நாள்கள் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், வீட்டில் செய்த அடைகாப்புப் பெட்டிக்காகக் கிருஷ்ணகிரியில் ஒரு சிறிய மின்னணு உதிரிபாகக் கடையில் 1:48 விகிதமுள்ள (உள் மோட்டார் 48 முறை சுழன்றால் வெளித்தண்டு ஒரு முறை சுழலும்) மஞ்சள் கியர் மோட்டாரை வாங்கினேன். நான்காம் நாளே உள்ளிருந்த பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் இரண்டு பற்கள் மழுங்கி, மோட்டார் சுழன்றும் முட்டைத் தட்டு அசையாமல் நின்றுவிட்டது. பொம்மை வண்டிக்கு இது மிகவும் ஏற்றது. பாரம் சுமக்கும் வேலைக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைக்காரரோ அதைப் பொறுமையாகத் திறந்து பார்த்து, உலோகப் பல்சக்கரமுள்ள 12 வோல்ட் மோட்டாரை எடுத்துக் கொடுத்ததுடன், மோட்டாரை இயக்கி நிறுத்தும் மின்காந்த சுவிட்சான ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1N4007 டையோடைத் தலைகீழாக இணைத்தால்தான் அணைக்கும்போது எழும் மின்னழுத்தம் ரிலேயை இயக்கும் டிரான்சிஸ்டரைக் கெடுக்காது என்று ரசீதின் பின்புறத்தில் வரைந்தும் காட்டினார். அந்த அக்கறைக்காகவே மீண்டும் அங்குச் செல்வேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.