முதலில் பத்திரிகையா, டிவியா?

அறிவியல் புனைவுத் தொடர்களுக்குத் திரைக்கதை எழுதுவதும் தொழில்நுட்பப் பத்திரிகையாளராக இருப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வேலை மாதிரித்தான் தெரியும். புதிதாக ஒரு கருவி வருகிறது, அதை வைத்துக்கொண்டு மனிதர்கள் என்ன பாடு படுவார்கள் என்று யோசிக்க வேண்டும். இரண்டு பக்கமும் கால் வைத்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் டேவிட் ஜெரால்ட் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொடருக்கு எழுதிவிட்டுப் பிற்பாடு கணினி இதழ்களில் பத்தி எழுதினார். இங்கிலாந்தின் சார்லி ப்ரூக்கர் தலைகீழ்: ‘பிசி ஸோன்’ இதழில் வீடியோ கேம் விமர்சனம், அப்புறம் ‘கார்டியன்’ நாளிதழில் பத்தி, கடைசியில் தொழில்நுட்பத்தின் இருட்டுப் பக்கத்தைச் சொல்லும் ‘பிளாக் மிரர்’ டிவி தொடர். எந்த வழி தேவலை?

டிவியில் நீங்கள் எழுதியது எழுதியபடி திரைக்கு வராது. 1967 டிசம்பர் 29 அன்று ‘ஸ்டார் ட்ரெக்’கின் ‘தி ட்ரபிள் வித் ட்ரிபிள்ஸ்’ எபிசோட் ஒளிபரப்பானபோது ஜெரால்டுக்கு 23 வயது. கணக்கில்லாமல் குட்டி போடும் புசுபுசு பிராணிகளிடம் ஒரு விண்கலம் மாட்டிக்கொள்ளும் கதை. அந்தப் பிராணிகளுக்கு அவர் முதலில் வைத்த ‘ஃபஸ்ஸி’ என்ற பெயர் ஹெச். பீம் பைப்பரின் நாவலில் ஏற்கெனவே இருந்ததால் மாற்ற வேண்டியதாயிற்று. ராபர்ட் ஹைன்லைன் நாவலில் வரும் செவ்வாய்ப் பிராணிகளின் சாயலும் இருப்பதாகத் தெரியவர, அவரிடமே கேட்டு இசைவு வாங்கினார்கள். இது போதாதென்று டைப்ரைட்டர் தகராறு வேறு. திரைக்கதையில் ஒரு பக்கம் என்றால் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஜெரால்டின் டைப்ரைட்டரில் எழுத்து பொடிசு. ஸ்டூடியோ அளவில் மறுபடி அடித்ததும் பக்கக் கணக்கு எகிறிவிட்டது. வெட்டோ வெட்டு. மேற்கொண்டு தயாரிப்பாளர் ஜீன் கூனின் திருத்தங்கள். கற்பனை வளத்தைவிட, இத்தனை பேர் கைவைத்த பிறகும் கதையைக் காப்பாற்றும் பொறுமைதான் இந்தத் தொழிலின் மூலதனம் என்பேன்.

காசு விஷயத்தில் டிவிக்கே என் ஓட்டு. அமெரிக்காவில் ரைட்டர்ஸ் கில்டு என்ற திரை எழுத்தாளர் சங்கம் இருப்பதால், மறுஒளிபரப்புக்கு ‘ரெசிடுவல்’ என்று ஒரு தொகை பின்னாலும் வந்துகொண்டிருக்கும். ஸ்ட்ரீமிங் யுகத்தில் அது தேய்ந்துபோனது, 2023 மே 2-இல் தொடங்கி 148 நாள் நீடித்த வேலைநிறுத்தத்துக்கு ஒரு முக்கியக் காரணம். முடிவில், அதிகம் பார்க்கப்படும் தொடர்களுக்கு போனஸ் கிடைத்தது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற விதியும் வந்தது. ஆனால் அத்தனை நாளும் சம்பளம் கிடையாது. வேலைநிறுத்தம் இல்லாத காலத்திலும், அடுத்த சீசன் உண்டா இல்லையா என்பது யாரோ எடுக்கும் முடிவு.

பத்திரிகையில் பெரும்பாலும் கட்டுரைக்கு ஒரு தடவை காசு, அத்தோடு சரி. தங்கள் கட்டுரைகளைக் கேட்காமலே மின் தரவுத்தளங்களில் சேர்த்துவிட்டார்கள் என்று ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள் ‘நியூயார்க் டைம்ஸ்’ மேல் வழக்குப் போட்டார்கள். 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 7-2 என்று ஜெயித்தும் விட்டார்கள். ஜெயித்து என்ன? ஒப்பந்தத்திலேயே அந்த உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இதழ்களுக்கும் ஆயுள் கெட்டியில்லை: 1975-இல் தொடங்கிய ‘பைட்’ கணினி இதழ் 1998-இல் நின்றது, கருவிகளை விமர்சிக்கும் ‘ஆனந்த்டெக்’ இணையதளம் 27 வருடம் ஓடி 2024-இல் மூடப்பட்டது. இன்னொரு சங்கடம், விமர்சனம் எழுத வேண்டிய கருவியை அதை விற்கும் நிறுவனமே கொடுத்தனுப்பும். எந்தத் தேதிக்கு முன்னால் வெளியிடக் கூடாது என்பதையும் அதுவே சொல்லும்.

ஆனாலும் அந்த விமர்சன வேலையில் ஒரு பயிற்சி இருக்கிறது. 2013-இல் வந்த, ‘பிளாக் மிரர்’ தொடருக்கு ப்ரூக்கர் எழுதிய ‘பி ரைட் பேக்’ எபிசோடைப் பாருங்கள். இறந்துபோன காதலன் இணையத்தில் விட்டுப்போன பதிவுகளிலிருந்து ஒரு மென்பொருள் அவனைப் போலவே பேசுகிறது. முதலில் எழுத்து அரட்டை மட்டும். வீடியோக்களை ஏற்றினால் போனில் குரல். அதற்கும் மேலே, காசு கொடுத்தால் உடம்பே பார்சலில் வரும். ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டு வரும் காதலி போனைக் கீழே போட்டுவிடுகிறாள். காதலனே இரண்டாம் முறை செத்துவிட்ட மாதிரிப் பதறுகிறாள். துக்கத்தை இப்படி இலவசம், பிரீமியம் என்று படிப்படியாக விற்கும் சூட்சுமம், பொருள்களைப் பிரித்துப் பார்த்து எழுதிப் பழகிய கைக்குத்தான் வாகாக வரும். (முதல் சீசனில் நினைவுகளைப் பதிவுசெய்யும் சில்லு வரும் எபிசோடை எழுதியவர் ப்ரூக்கர் அல்ல, ஜெஸ்ஸி ஆம்ஸ்ட்ராங். அது வேறு கதை.)

டிவிக்குள் நேராகப் புகும் கதவும் குறுகிவிட்டது. 1989-இல் ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ பொறுப்புக்கு வந்த மைக்கேல் பில்லர், எழுத்தாளர் சார்பில் ஸ்டூடியோக்களோடு பேசும் ஏஜென்ட் இல்லாதவர்களின் ஸ்கிரிப்டுகளையும் வாங்கிப் படிக்க ஏற்பாடு செய்தார். செட்டைச் சுற்றிப் பார்க்கப் போன ரொனால்ட் மூர் கொடுத்துவிட்டு வந்த கதையை பில்லர்தான் வாங்கினார். அதே மூர்தான் பிற்பாடு ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வைப் புதிதாக உருவாக்கியவர். இன்று ஏஜென்ட் இல்லாமல் அனுப்பும் ஸ்கிரிப்டைப் பெரும்பாலான ஸ்டூடியோக்கள் பிரித்தே பார்ப்பதில்லை, வழக்கு வருமோ என்ற பயம். பத்திரிகை ஆசிரியருக்கோ நாலு வரியில் ஒரு யோசனையை மின்னஞ்சல் செய்தால் போதும், பிடித்தால் எழுதச் சொல்வார். அதனால் இருபதுகளில் இருப்பவருக்கு நான் சொல்வது ப்ரூக்கரின் வழியைத்தான்: முதலில் பத்திரிகை, கூடவே ராத்திரியில் ஒரு பைலட் ஸ்கிரிப்ட், அதாவது ஒரு புதுத் தொடரின் முதல் எபிசோடுக்கான திரைக்கதை.