லேப் கன்ட்ரோலுக்கு கிரேட் வாங்கப் போறீங்களா: நிம், பிஎக்ஸ்ஐ, மைக்ரோடிசிஏ, சினாரா - எது யாருக்கு?

புதுசா லேசர் செட்டப் போடறவங்க, ஸ்பெக்ட்ரோஸ்கோபி பண்றவங்க, ஐயான் ட்ராப் (மின்னூட்டம் உள்ள அணுவைப் பிடிச்சு வைக்கற கருவி) கட்டறவங்கன்னு யார் கன்ட்ரோல் எலக்ட்ரானிக்ஸ் வாங்கக் கிளம்பினாலும் மொதல்ல கேக்கறது "எந்த சிஸ்டம் பெஸ்ட்?"னு தான். கிரேட்னா கார்டு, மாட்யூல் எல்லாம் வரிசையா மாட்டற பெட்டி, நிம், பிஎக்ஸ்ஐ, மைக்ரோடிசிஏ, சினாரா எல்லாம் அதுல வெவ்வேற வகை. நான் தண்டையார்பேட்டை பக்கம் ஒரு லேப்ல எலக்ட்ரானிக்ஸ் பாத்துக்கறேன், கொட்டேஷன் எடுக்கறதுல இருந்து பெட்டியைப் பிரிச்சு ராக்ல மாட்டற வரைக்கும் என் வேலை தான், அதனால நான் வேற மாதிரி கேப்பேன். எதை ஆர்டர் போடற அன்னைக்கே முடிவு பண்ணியாகணும், எதை ரெண்டு வருஷம் கழிச்சு மாத்திக்கலாம்? இந்த ஒரு கேள்வியை ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் கேட்டுப் பாத்தா பாதி குழப்பம் போயிடும். ஸ்பெக் ஷீட்ல எல்லாமே நல்லா தான் இருக்கும்.

நிம்ல ஆரம்பிக்கலாம், ஏன்னா நிறைய லேப்ல ஏற்கனவே ஒரு பின் (bin, நிம் கிரேட்டுக்கு அது தான் பேர்) சும்மா கெடக்கும். 1964ல வந்த ஸ்டாண்டர்டு, 12 ஸ்லாட், பின்னாடி கரண்ட் மட்டும் தான் போகும், டேட்டா பஸ்னு ஒண்ணும் கெடையாது. அதனால முன்கூட்டி பிளான் பண்ண வேண்டியது ரொம்ப கம்மி, டிஸ்க்ரிமினேட்டர் (ஒரு அளவைத் தாண்டற சிக்னலை மட்டும் விடற மாட்யூல்) வேணுமா மாட்டு, வேண்டாமா கழட்டு, அவ்ளோ தான். ஆனா ரெண்டு விஷயத்தைப் பாத்துக்கோங்க. பின்ல பிளஸ் மைனஸ் 6 வோல்ட் வருதான்னு கேளுங்க, பழைய பின் சிலதுல 12ம் 24ம் மட்டும் தான் இருக்கும், 6 வோல்ட் கேக்கற மாட்யூல் அதுல செத்த மாதிரி உக்காந்திருக்கும். அடுத்தது, நிம் லாஜிக் சிக்னல் 50 ஓம்ல மைனஸ் 0.8 வோல்ட், உங்க மத்த சாமான் எல்லாம் டிடிஎல்னா (0, 5 வோல்ட் லாஜிக்) நடுவுல லெவல் கன்வர்ட்டர் வேணும், அதையும் லிஸ்ட்ல எழுதுங்க. கம்ப்யூட்டர்ல இருந்து வரிசையா டைமிங் ஓட்டணும்னா நிம் மட்டும் போதாது. போட்டான் எண்றது, பிஎம்டி (மங்கலான வெளிச்சத்தை அளக்கற போட்டோமல்டிப்ளையர் டியூப்) சிக்னலை சுத்தம் பண்றது, இதுக்கெல்லாம் இன்னைக்கும் அது தங்கம்.

கேமக், விஎம்இன்ற ரெண்டு பழைய கிரேட் ஸ்டாண்டர்டையும் சீக்கிரமா சொல்லிடறேன். டெல்லி ஐயூஏசி (ஆக்சிலரேட்டர் சென்டர்) மாதிரி எடங்கள்ல கேமக்ல சொந்தமா மாட்யூல் டிசைன் பண்ணி வருஷக்கணக்கா ஓட்டியிருக்காங்க, இந்தூர் இன்டஸ்-2 சிங்க்ரோட்ரான்ல விஎம்இ தான் கன்ட்ரோலுக்கு முதுகெலும்பு. அங்க ஆள் இருக்காங்க, ஸ்பேர் இருக்கு, சாஃப்ட்வேர் இருக்கு. உங்க லேப்ல அது மூணும் ஏற்கனவே இல்லன்னா இன்னைக்குப் புதுசா அந்தப் பக்கம் போகாதீங்க.

அடுத்து பிஎக்ஸ்ஐ. 1997ல நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கொண்டாந்தது, இப்ப அந்த கம்பெனி எமர்சன் கையில, ஆனா ஸ்டாண்டர்டு பொதுவானது, கீசைட் மாதிரி மத்தவங்களும் கார்டு போடறாங்க. இதோட பலம் அளக்கறதுல. வேகமான டிஜிடைசர், நல்ல டிஎம்எம் (டிஜிட்டல் மல்டிமீட்டர்), சோர்ஸ் மெஷர் யூனிட், இதெல்லாம் ஒரே பெட்டில ஒரே 10 மெகாஹெர்ட்ஸ் கிளாக்ல ஓடும், பிஎக்ஸ்ஐ எக்ஸ்பிரஸ்ன்ற புது வகைன்னா 100 மெகாஹெர்ட்ஸும் சேந்து வரும், பேக்பிளேன்லயே (கார்டு எல்லாம் சொருகற பின்பக்க போர்டு) ட்ரிக்கர் லைன் இருக்கறதால கார்டுக்கு கார்டு கேபிள் இழுக்க வேண்டாம். லேப்வியூ (அதே கம்பெனியோட புரோக்ராமிங் சாஃப்ட்வேர்) தெரிஞ்ச பசங்க இருந்தா வந்த வாரத்துலயே ஏதாவது ஓடிட்டிருக்கும், அது சின்ன விஷயம் இல்ல. ஆனா மைக்ரோசெகண்ட் அளவுல இது நடந்தா அது நடக்கணும்னு வரிசை வேணும்னா சாதாரண விண்டோஸ் கன்ட்ரோலர் தாங்காது, எஃப்பிஜிஏ (உள்ள இருக்கற சர்க்யூட்டை நாமளே மாத்தி எழுதற சிப்) கார்டு வாங்கி அதுக்குத் தனியா புரோக்ராம் எழுதணும், விலையும் அங்க தான் ஏறும்.

பிஎக்ஸ்ஐல ஆர்டர் அன்னைக்கே முடிவாகறது சேசிஸ், அதாவது கிரேட் பெட்டி. 4, 8, 18 ஸ்லாட்னு வரும், ஒரு ஸ்லாட்டை கன்ட்ரோலர் எடுத்துக்கும். எந்த ஸ்லாட்ல எந்த கார்டு போகும்ன்றதை ஒவ்வொண்ணா பாக்கணும், ஏன்னா எக்ஸ்பிரஸ் சேசிஸ்ல பழைய பிஎக்ஸ்ஐ கார்டு எல்லாம் போகாது, ஹைப்ரிட் ஸ்லாட்டுக்கு ஒத்துப்போற கனெக்டர் இருந்தா தான் போகும். பழைய கார்டை வெச்சு புது சேசிஸ்ல காசை மிச்சம் பண்ணலாம்னு கணக்கு போடறவங்க கனெக்டர் போட்டோவை வெண்டருக்கு அனுப்பி எழுத்துல பதில் வாங்கிக்கோங்க. போன்ல சொல்றது பி.ஓ.ல (பர்ச்சேஸ் ஆர்டர்) நிக்காது.

மைக்ரோடிசிஏ. 2006ல வந்தது, ஆராய்ச்சிக்குன்னே இருக்கற எம்டிசிஏ.4 2011ல. ஹாம்பர்க் பக்கம் யூரோப்பியன் எக்ஸ்ஃபெல்ன்ற பெரிய எக்ஸ்ரே லேசரே இதுல தான் ஓடுது, பவர், ஃபேன், கன்ட்ரோலர் எல்லாம் ஸ்பேரோட, ஓடிட்டிருக்கும்போதே கார்டை மாத்தலாம், பின்பக்கம் தனி கார்டு மாட்டலாம். அருமையான டிசைன், குறையே சொல்ல முடியாது. ஆனா மொத சேனல் வேலை செய்யறதுக்கு முன்னாடி சேசிஸ், எம்சிஎச் (கிரேட்டை நிர்வகிக்கற கார்டு), பவர் மாட்யூல், சிபியூ கார்டுன்னு வாடகை வீட்டுக்குப் பத்து மாச அட்வான்ஸ் குடுக்கற மாதிரி ஒரு பெரிய தொகை மொதல்லயே போயிடும். நூத்துக்கணக்கான ஸ்டேஷன் இருக்கற ஆக்சிலரேட்டருக்கு அந்த அட்வான்ஸ் நியாயம். ஒரு ஆப்டிகல் டேபிளும் நாலு ஸ்டூடண்டும் இருக்கற லேப்புக்கு வேண்டாம்னு தான் நான் சொல்வேன்.

இப்ப சினாரா, இதுல கொஞ்சம் நின்னு பேசணும். வார்சா டெக்னிகல் யுனிவர்சிட்டி ஆளுங்களும் ஹாங்காங் எம்-லேப்ஸும் மத்த பல லேபும் சேந்து பண்ண ஓப்பன் ஹார்டுவேர், அதை ஓட்ட ஆர்டிக்னு ஒரு சாஃப்ட்வேர், பைத்தான் மாதிரியே எழுதி நானோசெகண்ட் அளவுல டைமிங் வாங்கலாம். அணு, ஐயான், லேசர்னு வேலை பண்றவங்களுக்காகவே உருவானது. சர்க்யூட் டிராயிங் முழுக்க எல்லாருக்கும் திறந்து கெடக்கு, ஒரு ஐசி போச்சுன்னா எந்த ஐசின்னு நாமளே கண்டுபிடிக்கலாம், போர்டை வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்பிட்டு மாசக்கணக்குல உக்காந்திருக்க வேண்டாம். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அது தான். சால்டரிங் தெரிஞ்ச ஆளுங்க நம்ம ஊர்ல எப்பவும் கெடைப்பாங்க, டிராயிங் தான் கெடைக்காம இருந்துச்சு.

ஆனா பிளானிங் அதிகமா கேக்கறதும் இது தான். கார்டு எல்லாம் 3யூ யூரோகார்டு, அதாவது 100க்கு 160 மில்லிமீட்டர், 19 இன்ச் ராக்ல ஒரு சப்ராக்குக்கு 84 எச்பி அகலம், ஒரு எச்பின்னா 5.08 மில்லிமீட்டர். நடுவுல காஸ்லின்ற (Kasli, அது பேரு) எஃப்பிஜிஏ கார்டு, அதுல இருந்து மத்த கார்டுக்கு எல்லாம் 30 பின் ரிப்பன் கேபிள் போகும். காஸ்லி 2.0ல இந்த மாதிரி 12 போர்ட். ஆக நீங்க ரெண்டு கணக்கு தனித்தனியா போடணும், போர்ட் கணக்கு ஒண்ணு, பேனல் அகலம் ஒண்ணு, ரெண்டுல எது மொதல்ல தீருதோ அங்க கிரேட் நெறைஞ்சு போச்சு.

ஒரு உதாரணம் போட்டுப் பாக்கலாம். பிஎன்சி டிஜிட்டல் கார்டு ரெண்டு, ஒண்ணு 8 சேனல், ஒரு போர்ட், 8 எச்பி. சாம்ப்ளர் ஒண்ணு, 8 சேனல் 16 பிட் ஏடிசி (வோல்டேஜை அளந்து நம்பரா மாத்தறது), ரெண்டு போர்ட், 8 எச்பி. உருகுல் ரெண்டு, ஒவ்வொண்ணும் நாலு சேனல் டிடிஎஸ் (ஆர்எஃப், அதாவது ரேடியோ அலைவரிசை சிக்னல் உருவாக்கறது), 4 எச்பி, ஆர்எஃப் ஸ்விட்சை வேகமா தட்டணும்னா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு போர்ட் வேணும். ஸோட்டினோ ஒண்ணு, 32 சேனல் பிளஸ் மைனஸ் 10 வோல்ட் டிஏசி (நம்பரை வோல்டேஜா மாத்தறது), ஒரு போர்ட், 4 எச்பி. கூட்டுங்க, 9 போர்ட், 36 எச்பி, நிறைய எடம் இருக்கற மாதிரி தெரியும். இப்ப ஸோட்டினோவோட 32 அவுட்புட்டையும் முன்னாடி பிஎன்சியா எடுக்கணும்னா 8 சேனலுக்கு ஒரு அடாப்டர் பேனல், 8 எச்பி, அது நாலு, 32 எச்பி. 68 ஆயிடுச்சு, மிச்சம் 16ல காஸ்லியும் பவரும் உக்காரணும். போர்ட் மூணு சும்மா இருக்கும், பேனல் அகலம் தீந்து போயிருக்கும். எஸ்எம்ஏன்ற சின்ன கனெக்டர் அடாப்டர் போட்டா பாதி அகலம் போதும், ஆனா லேப்ல இருக்கற கேபிள் எல்லாம் பிஎன்சின்னா திரும்ப கன்வர்ட்டர் வாங்கணும். என் ஆசை என்னன்னா, 32 டிஏசி சேனல்ல நெஜமா டேபிளுக்குப் போற 8ஐ மட்டும் பிஎன்சியா எடுங்க, மிச்சத்தை உள்ளயே ரிப்பனா விடுங்க.

அடுத்த முடிவு இன்புட்டா அவுட்புட்டா. டிஜிட்டல் கார்டுல நாலு நாலு சேனலா தான் திசை மாத்த முடியும், அந்தத் திசையை எஃப்பிஜிஏ கேட்வேர் (அந்த சிப்புக்குள்ள ஏத்தற டிசைன்) கட்டும்போதே ஜேசன் ஃபைல்ல எழுதுவாங்க. அதனால ஒரே ஒரு போட்டான் கவுண்டர் இன்புட்டுக்காக நாலு சேனல் இன்புட்டா போயிடும், அதைத் தெரிஞ்சே எண்ணுங்க. புது கார்டு சேத்தாலும் அந்த ஃபைலை மாத்தி கேட்வேரைத் திரும்பக் கட்டி ஏத்தணும். கஷ்டமான வேலை இல்ல, ஆனா அதைச் செய்யத் தெரிஞ்ச ஒருத்தர் லேப்ல இருக்கணும், ஸ்டூடண்ட் பிஎச்டி முடிச்சுட்டுக் கெளம்பினதுக்கு அப்பறமும். 12 போர்ட்டும் தீந்துட்டா பயம் வேண்டாம், இன்னொரு காஸ்லியை ஃபைபர்ல சேட்டிலைட்டா கோத்து ரெண்டாவது கிரேட் வைக்கலாம், டைமிங் ஒண்ணா தான் ஓடும். இந்த வளர்ச்சி தான் சின்ன லேப்புக்கு இதை நான் சொல்றதுக்குக் காரணம், மொத வருஷம் சின்னதா ஆரம்பிக்கலாம்.

அது எங்க தோக்கும்னும் சொல்லணும் இல்ல? சாம்ப்ளர் ஒரு சேனலுக்கு செகண்டுக்கு 15 லட்சம் சாம்பிள் வரைக்கும் தான் போகும், 100 மெகாஹெர்ட்ஸ் பீட் சிக்னல் (ரெண்டு லேசரோட அலைவரிசை வித்தியாசம்) பாக்கணும்னா அது ஆகாது, அங்க பிஎக்ஸ்ஐ டிஜிடைசர் இல்ல நல்ல ஆசிலோஸ்கோப் தான். உருகுல் அவுட்புட் நேரா ஏஓஎம்முக்கு (லேசரைத் திருப்பவும் அணைக்கவும் வைக்கற கருவி) போதாது, ஒரு வாட் பக்கம் ஆர்எஃப் ஆம்ப்ளிஃபையர் தனியா வாங்கணும், அது கிரேட்ல உக்காராது, அதோட ஹீட்டும் பவரும் உங்க தலைல தான். கிளாக் எங்க இருந்து வருதுன்னு ஒரு கோடு போட்டு வரைஞ்சு வெச்சுக்கோங்க, வெளியில இருந்து ரெஃபரன்ஸ் குடுக்கறீங்களா, காஸ்லில இருந்து உருகுலுக்கு சின்ன எம்எம்சிஎக்ஸ் கேபிள்ல எடுக்கறீங்களான்னு ஆர்டர்லயே எழுதணும்.

இனி நம்ம ஏரியா விஷயம், இதை எந்த டேட்டாஷீட்டும் சொல்லாது. எண்ணூர்ல இருந்து ராயபுரம் வரைக்கும் உப்புக் காத்து, அதோட அனல்மின் நிலைய சாம்பல், மணலி பக்கம் லாரி தூசி. ஃபேன் வேகமா அடிக்கற சேசிஸ் எல்லாம் அதை உள்ள இழுத்துக்கும். பிஎக்ஸ்ஐ, மைக்ரோடிசிஏ ரெண்டுக்கும் ஃபில்டர் மாட்ட வழி இருக்கான்னு கேட்டு ஸ்பேர் ஃபில்டர் சேத்தே வாங்குங்க. எந்த கிரேட்டா இருந்தாலும் காலி ஸ்லாட்டைத் திறந்து விடாதீங்க, பிளாங்க் பேனல் போடுங்க, இல்லன்னா காத்து கார்டு மேல போகாம ஓட்டை வழியா ஓடிடும், தூசியும் அங்க தான் நுழையும். யூரோகார்டு பேனலை இங்கயே செய்யலாம், 3யூ பேனல் உயரம் 128.5 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, எம்2.5 ஸ்க்ரூ, அம்பத்தூர் எஸ்டேட்ல டிராயிங் குடுத்தா அடிச்சுத் தருவாங்க. அந்த சப்ராக் ஆழம் மட்டும் பாத்து வாங்குங்க, கார்டு 160 தான், ஆனா ரிப்பன் மடங்கறதுக்குப் பின்னாடி எடம் வேணும்.

தரைத்தளத்துல லேப்னா கிரேட்டும் யூபிஎஸ்ஸும் ராக்ல அடில வேண்டாம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்போ வட சென்னைல தண்ணி எப்படி நின்னுச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். யூபிஎஸ் ஆன்லைன் டைப்பா இருக்கட்டும், பழைய பில்டிங்னா எர்த்தை ஒரு தடவை அளந்து பாத்துட்டு அப்பறம் கிரேட்டை இணைங்க. டிஜிட்டல் கார்டுல ஐசோலேஷன் இருக்குன்னாலும் அனலாக் சைடுக்கு சுத்தமான எர்த் தான் பாதி நாய்ஸைக் கொறைக்கும்.

இம்போர்ட் பத்தி: அரசுப் பணத்துல ஓடற ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலைல எடுத்தாச்சு, பட்ஜெட் போடும்போது 18ன்னே போடுங்க, மேல டியூட்டி தனி. சினாரா மாதிரி சிஸ்டத்துல ஒவ்வொரு கார்டும் ஒரு வரி, ஒரு விலைன்னு இன்வாய்ஸ் வந்தா கிளியரன்ஸ்ல ஒவ்வொண்ணுக்கும் கேள்வி வரலாம், அதனால முழு கிரேட்டா அசெம்பிள் பண்ணி டெஸ்ட் பண்ணி அனுப்பச் சொல்லி, ஒரே சிஸ்டமா டிஸ்க்ரிப்ஷன், எச்எஸ்என் கோடு, எந்த நாட்டுல செஞ்சதுன்ற விவரம், எல்லாத்தையும் பி.ஓ. போடறதுக்கு முன்னாடியே நம்ம கிளியரிங் ஏஜென்ட்டுகிட்ட காட்டிடுங்க. ஸ்பேர் ரிப்பன், எம்எம்சிஎக்ஸ் கேபிள், ஒரு டிஜிட்டல் கார்டு, இந்த மூணையும் அதே ஆர்டர்ல சேத்துடுங்க, பின்னாடி தனியா வரவழைச்சா கேபிள் விலையை விட ஷிப்பிங் அதிகமா போகும். முடிஞ்சா பெட்டி செப்டம்பருக்குள்ள கைக்கு வர மாதிரி தேதி கேளுங்க, அக்டோபர்ல மழை ஆரம்பிச்சுட்டா கோடவுன்லயும் வண்டியிலயும் ஈரத்துல கெடக்கும், வந்ததும் சிலிகா ஜெல் பையோட சீல் பிரியாம இருக்கான்னு போட்டோ எடுத்துட்டு அப்பறம் பிரிங்க.