லினக்ஸ் கெர்னலின் அனுமதிப் பட்டியல் கேஷ்: நிரல் மதிப்புரை

பாளையங்கோட்டையில் எங்கள் அலுவலகக் கோப்பு சர்வரைப் பராமரிக்கும் நான், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் உள்ள இந்த நிரலை வரிவரியாகப் படித்தேன். ஒரு கோப்பை யார் திறக்கலாம் என்ற பட்டியலை ஒவ்வொரு முறையும் வட்டில் தேடாமல் ஐநோடிலேயே (கோப்பின் விவரங்களைக் கெர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் பதிவு) வைத்துக்கொள்ளும் பொது ஏற்பாடு, அதாவது இந்தக் கேஷ், 2009இல் வந்தது. "பட்டியல் இல்லை" என்பதையும் "இன்னும் பார்க்கவில்லை" என்பதையும் வெவ்வேறு மதிப்புகளாகப் பிரித்திருப்பதுதான் இதன் உயிர்நாடி.

என்னை மிகவும் கவர்ந்தது 2016இல் சேர்ந்த திருத்தம்: வட்டிலிருந்து பட்டியலைப் படிக்கப்போகும் பிராசஸ் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்), நெல்லைப் பேருந்தில் துண்டு போட்டு இடம்பிடிப்பதைப் போல, முதலில் தன் அடையாளத்தை ஐநோடில் பட்டியலுக்கான இடத்தில் இடுகிறது; படித்து முடிக்கும்போதும் அது அப்படியே இருந்தால் மட்டுமே பட்டியலைப் பதிக்கிறது. இடையில் எவரேனும் அனுமதியை மாற்றியிருந்தால், பழைய பட்டியல் கேஷில் தங்குவதில்லை. நிரலில் அவ்விடத்தில் எழுதியுள்ள விளக்கக் குறிப்பும் தெளிவானது. ஒரே குறை, நினைவக வரிசை விதிகள் (நினைவகத்தில் எழுதுவதும் படிப்பதும் எந்த வரிசையில் நடக்கும் என்பவை) தெரியாதவர்களுக்கு அடுத்த சில வரிகள் கடினமாக இருக்கும்.