‘ஹெர்பல்’ கருப்பு மருதாணி: பார்லர் போகிறவர்கள் கவனத்துக்கு

அரை மணி நேரத்தில் தலைமுடியில் கருகருவென்று பிடிக்கும் மருதாணி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருதாணி இலையில் இருக்கும் லாசோன் என்ற சாயம் செம்பட்டையாகத்தான் பிடிக்கும், அதுவும் சில மணி நேரம் ஊறிய பிறகு. கருப்பு வருகிறதென்றால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. பெரும்பாலும் அது சாதாரண ஹேர் டைகளில் சேர்க்கும் பாரா ஃபினைலீன் டையமீன் என்ற ரசாயனம், சுருக்கமாக பிபிடி.

தம்பி கல்யாணத்துக்கு முந்தின வாரம் எங்கள் பக்கத்து பார்லரில் அம்மாவுக்குப் போட்டது இதைத்தான். “கெமிக்கலே கிடையாது ஆன்ட்டி, அம்மோனியா ஃப்ரீ” என்று சொல்லி, சாதாரண டையைவிட இரண்டு மடங்கு காசு வாங்கினார்கள். அம்மோனியா இல்லாமல் இருக்கலாம், பிபிடி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அம்மா பாக்கெட்டைக் கேட்டதற்கு, “டப்பாவில் கொட்டி வைத்துவிட்டோம்” என்று பதில். ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கும் பேச்சே இல்லை.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ராத்திரி நெற்றி ஓரம் அரித்தது. அதற்கடுத்த காலை கண் இமைகள் பூரி போல உப்பி, கண்ணே திறக்க முடியவில்லை. முடி தொடங்கும் இடம் நெடுகப் பொடிக் கொப்புளங்கள். அதிலிருந்து கசிந்த நீரில் தலையணை உறை ஒட்டிக்கொண்டது.

பார்லரில் போய்க் கேட்டால், “ஆன்ட்டி வருஷக்கணக்கா டை போடுறவங்கதானே? உடம்பு சூடா இருக்கும், இளநீர் குடிக்கச் சொல்லுங்க” என்கிறார்கள். வருஷக்கணக்காகப் போட்டதுதான் சிக்கலே. தோல் மருத்துவர் விளக்கினார்: இந்த ஒவ்வாமை முதல் தடவையே வருவதில்லை. வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்கள் அந்தப் பொருளை அடையாளம் வைத்துக்கொள்ளும். அது எப்போது நடக்கும் என்று சொல்ல முடியாது. நடந்துவிட்டால் அப்புறம் ஒவ்வொரு முறை பட்டதும் ஒன்றிரண்டு நாளில் தோல் அழன்றுவிடும். பூசிய அன்றே தெரியாததால்தான் பார்லர்காரர்கள் சுலபமாகக் கை கழுவுகிறார்கள்.

மருத்துவரைப் பார்க்கும் முன் மெடிக்கல் ஷாப்பில் ஒரு டியூப் கொடுத்தார்கள், சீட்டு கூடக் கேட்கவில்லை. ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு ஒன்று, நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் என மூன்றும் கலந்த களிம்பு. நியோமைசினே பலருக்கு ஒவ்வாமை தரும் மருந்து. ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018லேயே விதி வந்துவிட்டது. யார் கேட்கிறார்கள்?

புண் ஆறிய பிறகு பேட்ச் டெஸ்ட் செய்தார்கள். யோசஃப் யாடாசோன் என்ற மருத்துவர் 1895இல் அறிமுகப்படுத்திய முறை, இன்றும் அடிப்படை அதுதான். சந்தேகப்படும் பொருள்களைச் சின்னச் சின்னத் தட்டுகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கிறார்கள். இரண்டு நாள் விட்டு மறுபடியும் பார்க்கிறார்கள். பிபிடி வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. இனி அம்மாவுக்கு இந்த வகைச் சாயம் ஆகாது. பிபிடி ஆகாதவர்களில் சிலருக்கு அதுவும் ஆகாது என்பதால், பல் டாக்டர்கள் தடவும் பென்சோகைன் என்ற மரப்பு மருந்திலும் கவனமாக இருக்கச் சொன்னார் மருத்துவர்.

பிபிடி கலந்த சாயப் பாக்கெட்டில் எச்சரிக்கையும், தடவிப் பார்க்கும் முறையும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். பாக்கெட்டைக் கண்ணில் காட்டாத கடையில் தலையைக் கொடுக்காதீர்கள். பாக்கெட்டில் இருக்கும் அந்தக் குறிப்பில், தடவிவிட்டு 24 மணி நேரம் பொறுக்கச் சொல்லியிருக்கும். அம்மாவுக்கு அரிப்பு வந்த நேரத்தைப் பார்த்தால் எனக்கு அது போதாது என்று படுகிறது, இரண்டு நாள் பொறுங்கள். புருவத்துக்குத் தடவவே விடாதீர்கள்.

பார்லரில் கடைசியாகச் சொன்னது, அடுத்த ஃபேஷியல் இலவசமாம். பில் தரவில்லை, ஆனால் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும் மருத்துவச் சீட்டும் இருக்கின்றன. இரண்டையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன்.