பணம் யார் கையில்? வெளிநாட்டுப் படிப்புக்கும் ஆய்வுக்கும் நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

வெளிநாட்டில் படிக்கவோ ஆய்வு செய்யவோ உதவித்தொகை தேடுகிறவர்கள் பெரும்பாலும் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள்: ஃபுல்பிரைட், செவனிங், எராஸ்மஸ், டாட் (DAAD). அப்படித் தொடங்கினால் பட்டியல் நீளும், எதற்கு விண்ணப்பிப்பது என்பது மட்டும் தெளியாது. முதலில் பார்க்க வேண்டியது பணம் யார் கையில் இருக்கிறது என்பதை. அது ஓர் அரசிடம் இருக்கலாம். பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்த கூட்டமைப்பிடமோ ஒரே பல்கலைக்கழகத்திடமோ இருக்கலாம். ஓர் ஆய்வுத் திட்டத்தை நடத்தும் பேராசிரியரிடமும் இருக்கலாம். இந்த நான்கு தரப்பும் தேடுகிற ஆள் வேறு வேறு. ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த இடம் என்று விளக்கும் ஒரே நோக்க அறிக்கையை நான்கு இடத்துக்கும் அனுப்பினால், நல்ல மாணவர்கள்கூட வரிசையாக நிராகரிப்பு வாங்குவார்கள்.

அரசின் பணம்

1946-ல் தொடங்கிய அமெரிக்காவின் ஃபுல்பிரைட், 1983 முதல் நடக்கும் பிரிட்டனின் செவனிங், ஜப்பானின் மெக்ஸ்ட் (MEXT), ஜெர்மனியின் டாட் ஆகியவை இந்த வகை. அரசு தன் பணத்தில் ஒருவரை அழைக்கும்போது அவர் மதிப்பெண்ணோடு இன்னொன்றையும் பார்க்கிறது: இவர் திரும்பிப் போய் என்ன ஆவார், நம் நாட்டோடு இவருக்குத் தொடர்பு நீடிக்குமா என்பது. அதனால் செவனிங் விண்ணப்பத்தில் தலைமைப் பண்பும் தொடர்புகளும் எதிர்காலத் திட்டமும்தான் கட்டுரைக் கேள்விகளாக வருகின்றன. ஆய்வுக்கூடத்தில் செய்த வேலையைப் பக்கம் பக்கமாக எழுதினாலும் அங்கே மதிப்பெண் ஏறாது.

செவனிங்கில் பலர் வழுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, 2,800 மணிநேரப் பணி அனுபவம். பகுதிநேர வேலையையும் தன்னார்வப் பணியையும் இதில் கூட்டலாம் என்பதைத் தெரிந்துகொள்ளாமலே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். இன்னொன்று, செவனிங் விண்ணப்பமும் பல்கலைக்கழக விண்ணப்பமும் தனித்தனி. மூன்று படிப்புகளைச் செவனிங்கில் குறிப்பிட்டுவிட்டு, பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போட்டால், நேர்காணலில் தேறிய பிறகும் நிபந்தனையற்ற அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் வாய்ப்பு போய்விடும்.

டாட் என்பது ஒரே உதவித்தொகை இல்லை. அது பல திட்டங்களின் குடை. அதன் தரவுத்தளத்தில் உங்கள் நாடு, படிப்பு நிலை, துறை மூன்றையும் தேர்ந்தெடுத்தால்தான் உங்களுக்கானது எதுவென்று தெரியும். பொதுவான இரண்டு விதிகளை முதலிலேயே பார்த்துவிடுங்கள். கடைசிப் பட்டம் வாங்கி ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. விண்ணப்பிக்கும் நேரத்தில் 15 மாதங்களுக்கு மேல் ஜெர்மனியில் தங்கியிருக்கவும் கூடாது. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டு உதவித்தொகை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களை இந்த இரண்டாவது விதி வெளியே நிறுத்திவிடும்.

மெக்ஸ்ட்டுக்குத் தூதரக வழி, பல்கலைக்கழக வழி என இரண்டு வாசல்கள். ஏற்கெனவே ஒரு ஜப்பானியப் பேராசிரியர் உங்களை ஏற்கத் தயாராக இருந்தால் இரண்டாவது வாசல் சுலபம். இல்லையென்றால் முதலாவது.

அரசுப் பணத்துக்கு ஒரு விலை உண்டு. செவனிங்கில் படித்தவர் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும். ஃபுல்பிரைட்டில் வருபவரின் ஜே-1 விசாவோடு, இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் கழிக்க வேண்டும் என்ற சட்ட நிபந்தனையும் வருகிறது. அதை முடிக்காமல் அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவோ நிரந்தரமாகக் குடியிருக்க உதவும் கிரீன் கார்டோ பெற முடியாது. மூன்றாவது ஒரு நாட்டில் இரண்டு வருடம் இருந்தாலும் கணக்கில் வராது. விலக்கு கேட்கலாம், ஆனால் அரசுப் பணத்தில் வந்தவர்களுக்கு அது கிடைப்பது கடினம். முனைவர் பட்டம் முடித்ததும் அங்கேயே ஆய்வைத் தொடர நினைப்பவர் இதைப் படித்த பிறகுதான் விண்ணப்பத்தைத் திறக்க வேண்டும்.

கூட்டமைப்பின் பணம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகளை நான் உயர்வாக மதிக்கிறேன். புதிதாகப் பட்டம் பெறுகிறவருக்கு, பணி அனுபவம் இல்லாதவருக்கு, இவ்வளவு திறந்த வாசல் அரிது. இளநிலைக் கடைசி ஆண்டில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். திரும்பிப் போகும் நிபந்தனை இல்லை. தொகை மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம், ஆக 33,600 யூரோ. கல்விக் கட்டணம் தனியாக வசூலிக்கப்படுவதில்லை.

அந்த 1,400-க்குள் என்னவெல்லாம் அடங்குகிறது என்பதில்தான் கணக்கு இருக்கிறது. விமானச் செலவு, விசா, குடியேறும் செலவு, வீட்டு வாடகை, சாப்பாடு எல்லாமே அதற்குள்தான். படிப்பு குறைந்தது இரண்டு நாடுகளில் நடக்கும். நாடு மாறும்போதெல்லாம் புதிய குடியிருப்பு அனுமதி, புதிய வீட்டு முன்பணம், பழைய முன்பணம் திரும்பி வரும்வரை காத்திருப்பு. முதல் தவணை பெரும்பாலும் போய்ச் சேர்ந்து, பதிவு முடிந்து, வங்கிக் கணக்கு திறந்த பிறகே வரும். அதுவரை ஓட்டுவதற்கான பணம் கையில் வேண்டும். முழு உதவித்தொகை என்ற சொல்லை நம்பி வெறுங்கையோடு புறப்பட்டால் முதல் மாதமே திணறல்தான்.

விண்ணப்பம் நேரே அந்தந்தப் படிப்பின் கூட்டமைப்புக்கு. இணையப் பட்டியலில் படிப்புகளை எடுத்து, பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரை திறந்திருக்கும் அழைப்புகளைப் பார்க்க வேண்டும். 2021-க்குப் பின் நிதி பெற்ற படிப்புகளில் மூன்றுக்கு மேல் விண்ணப்பிக்கக் கூடாது என்ற பழைய வரம்பு இல்லை. இணையத்தில் அந்தப் பழைய விதி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு முறை இந்த உதவித்தொகை பெற்றவர் மறுபடி பெற முடியாது என்ற விதி மட்டும் உண்மை.

முடிவுக் கடிதத்தை இரண்டு முறை படியுங்கள். அனுமதி உண்டு, உதவித்தொகை இல்லை என்பதும் அதில் வாழ்த்துச் சொற்களோடுதான் வரும். காத்திருப்புப் பட்டியலில் இருப்பதாக வந்தால் மனம் தளர வேண்டாம். வலுவான விண்ணப்பதாரர்கள் பல படிப்புகளில் தேர்வாகி ஒன்றை மட்டும் எடுப்பதால் அந்தப் பட்டியல் நகரும்.

பல்கலைக்கழகத்தின் பணம்

அமெரிக்க முனைவர் படிப்பில் பெரும்பாலான பணம் இப்படித்தான் வருகிறது. பாடம் நடத்த உதவுவதற்கோ ஆய்வில் உதவுவதற்கோ மாதத் தொகை, கூடவே கல்விக் கட்டண விலக்கு. தனி உதவித்தொகை விண்ணப்பம் தேவையில்லை, சேர்க்கை விண்ணப்பமே போதும். விண்ணப்பக் கட்டணம் உண்டு. பல துறைகளில் கட்டண விலக்கு கேட்கலாம், ஆனால் கட்டணத்தைச் செலுத்துவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

இங்கே ஏமாற்றுவது மாதத் தொகை. ஒரு துறை ஒன்பது மாதத்துக்கு மாதம் 2,500 டாலர் தருகிறது, இன்னொன்று பன்னிரண்டு மாதத்துக்கு 2,000 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவது பெரிதாகத் தெரியும். வருடக் கணக்கில் அது 22,500, இரண்டாவது 24,000. கட்டண விலக்கில் அடங்காத மாணவர் கட்டணங்கள், மருத்துவக் காப்பீடு, வரி ஆகியவற்றைக் கழித்தால் இடைவெளி இன்னும் விரியலாம். கோடை மாதங்களில் பணம் எங்கிருந்து வரும் என்று நேரடியாகக் கேளுங்கள். அதைக் கேட்டதற்காக எந்தத் துறையும் வாய்ப்பைத் திரும்பப் பெறாது.

பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படிக்கத் தரும் கேட்ஸ் கேம்பிரிட்ஜ் உதவித்தொகையும் இந்த வகைதான். சேர்க்கை விண்ணப்பத்துக்குள்ளேயே அதற்கான பகுதி இருக்கிறது. அங்கே வழக்கமாக நடக்கும் தவறு தேதி சம்பந்தமானது. படிப்பின் சேர்க்கை பின்னரும் திறந்திருக்கும், ஆனால் உதவித்தொகைக்கான தேதி படிப்பைப் பொறுத்து டிசம்பர் தொடக்கத்திலோ ஜனவரி தொடக்கத்திலோ முடிந்துவிடும்.

திட்டத்தின் பணம்

ஆய்வுதான் நோக்கம் என்றால் இந்த நான்காவது வழிக்குத்தான் என் வாக்கு. ஆனால் பெயர் பெற்ற உதவித்தொகைகளின் வெளிச்சத்தில் இது கண்ணில் படுவதே இல்லை. ஐரோப்பாவின் பல நாடுகளில் முனைவர் ஆய்வு ஒரு வேலை. விளம்பரம் வரும், விண்ணப்பிக்கலாம், சம்பளம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி க்யூரி முனைவர் வலையமைப்புகள் இதில் முக்கியமானவை. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பக் கட்டணம் இல்லை. காலியிடங்களை ஐரோப்பிய ஆய்வு வேலைகளுக்கான யூராக்செஸ் (EURAXESS) தளத்தில் வெளியிட்டாக வேண்டும் என்பது விதி.

விளம்பரம் வரும் முன்பே மோப்பம் பிடிக்க முடியும். பொது நிதியில் நடக்கும் திட்டங்கள் திறந்த தரவுத்தளங்களில் இருக்கின்றன: ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கார்டிஸ், ஜெர்மனிக்குக் கெப்ரிஸ், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச், அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு அவார்டு சர்ச். உங்கள் துறையின் குறுகலான இரண்டு மூன்று சொற்களை இட்டுத் தேடுங்கள். தொடக்கத் தேதி அடுத்த சில மாதங்களில் இருப்பவற்றையும் அண்மையில் தொடங்கியவற்றையும் மட்டும் எடுங்கள். ஆள் எடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்குத்தான் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் ஓடும் திட்டத்தில் பணம் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டிருக்கும்.

பிறகு திட்டத்தின் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல், பதினைந்து வரிக்குள். முதல் பத்தியில் திட்டத்தின் பெயரும் அதன் எந்தப் பகுதி உங்கள் வேலையோடு ஒட்டுகிறது என்பதும். இரண்டாவதில் நீங்கள் செய்த ஒரே ஒரு வேலை: எந்த முறை, எந்தத் தரவு, என்ன கிடைத்தது. மூன்றாவதில் ஒரே கேள்வி, இந்தத் திட்டத்தில் இடங்கள் எப்போது அறிவிக்கப்படும். "தங்கள் மதிப்புமிக்க ஆய்வுக்குழுவில் சேர ஆவல்" என்று நூறு பேருக்கு ஒரே கடிதம் போனால் படிக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

இரண்டு பொறிகள். முதலாவது மேரி க்யூரியின் இடப்பெயர்வு விதி: பணியில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அந்த நாட்டில் வசித்தோ வேலை செய்தோ படித்தோ இருக்கக் கூடாது. குறுகிய விடுமுறைப் பயணங்கள் கணக்கில்லை. ஒரு நாட்டில் இரண்டு வருட முதுநிலை முடித்தவர் அதே நாட்டின் மேரி க்யூரி இடத்துக்கு உடனே தகுதி பெறமாட்டார், பக்கத்து நாட்டு இடத்துக்குத் தகுதி பெறுவார். எராஸ்மஸ் முண்டுஸ் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே எந்த நாட்டில் எத்தனை மாதம் என்று பார்ப்பது இதற்காகத்தான்.

இரண்டாவது, தொகை. 2023–24 அழைப்புகளில் முனைவர் ஆய்வாளருக்கான வாழ்க்கைப்படி மாதம் 3,400 யூரோவாகவும் இடப்பெயர்வுப் படி 600 யூரோவாகவும் இருந்தன. வாழ்க்கைப்படியை அந்தந்த நாட்டின் விலைவாசியைக் காட்டும் குணகத்தால் பெருக்குவார்கள். வேலை தருபவர் கட்ட வேண்டிய சமூகக் காப்பீட்டுப் பங்கும் இந்தத் தொகைக்குள்ளிருந்தே போகும். பிறகு உங்கள் பங்கு, பிறகு வரி. கைக்கு வருவது விளம்பரத் தொகையைவிடக் கணிசமாகக் குறைவு. பணியாளர் பிரிவுக்கு எழுதி நிகர மாதச் சம்பளத்தைக் கேட்டு வாங்கிய பிறகு மற்ற வாய்ப்புகளோடு ஒப்பிடுங்கள். அப்படிக் கழித்த பிறகும் பெரும்பாலான நாடுகளில் இது நல்ல சம்பளம். மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்கும் சேர்ந்தது, உதவித்தொகையில் ஓய்வூதியப் பங்கு அரிது.

முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு ஒரு வரி. மேரி க்யூரி ஆய்வாளர் நல்கைக்குக் கடைசித் தேதி வழக்கமாக செப்டம்பர், விண்ணப்பத்தை எழுதுவது நீங்களும் உங்களை ஏற்கும் நிறுவனமும் சேர்ந்து. ஜப்பானின் அறிவியல் வளர்ச்சிக் கழகம் (ஜே.எஸ்.பி.எஸ்.) தரும் நல்கையில் விண்ணப்பிப்பவரே அங்குள்ள ஆய்வாளர்தான். இரண்டிலும் வெளிநாட்டுத் துணையைப் பிடிப்பதுதான் பாதி வேலை.

எங்கே தேடுவது

உதவித்தொகைச் செய்திகளைத் தொகுக்கும் தளங்கள் பெயர் தெரிந்துகொள்ள உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். போன வருடத் தேதி, மாறிய விதி, முடிந்துபோன திட்டம் எல்லாம் அங்கே உயிரோடு இருக்கும். பிவட், கிராண்ட்ஃபார்வர்டு போன்ற சந்தாத் தரவுத்தளங்கள் ஆய்வாளர்களுக்கு நல்லவை. உங்கள் நூலகம் சந்தா கட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். எல்லோருக்கும் இலவசமான ஒரு வழியும் உண்டு. உங்கள் துறையில் அண்மையில் வந்த இருபது கட்டுரைகளை எடுத்து, இளம் ஆய்வாளர்கள் நன்றி நவிலலில் யாருடைய நிதியைக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று எழுதிவையுங்கள். பொதுப் பட்டியல்களில் வராத சிறு அறக்கட்டளைகள் அங்கே தலைகாட்டும்.

தேர்வு உறுதி, செயலாக்கக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று யார் கேட்டாலும் அது மோசடி. பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் கட்டும் விண்ணப்பக் கட்டணம் வேறு விஷயம்.

யார் எதற்கு

இரண்டு மூன்று வருட வேலையும் திரும்பிப் போகும் திட்டமும் இருந்தால் அரசின் பணம். புதிய பட்டதாரிக்கு முதலில் எராஸ்மஸ் முண்டுஸ். முதுநிலை முடித்து ஆய்வுத் தலைப்பு கூர்மையாக இருப்பவருக்குத் திட்டத்தின் பணம். தலைப்பு இன்னும் தெளியாதவருக்கு அமெரிக்க முனைவர் படிப்பு பொருந்தும், முதல் ஓரிரு ஆண்டுகள் பாடங்களோடு தேட இடம் கிடைக்கும். இரண்டு வகைக்கு விண்ணப்பித்தால் நோக்க அறிக்கையை இரண்டு முறை புதிதாக எழுதுங்கள்.

வேலை பன்னிரண்டு முதல் பதினைந்து மாதம் முன்பே தொடங்க வேண்டும். பரிந்துரை தருபவருக்குக் குறைந்தது ஒரு மாத அவகாசமும், உங்கள் விவரக் குறிப்பும், எந்த வேலையைப் பற்றி எழுதினால் உதவும் என்ற நான்கு வரியும் கொடுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் மதிப்பெண்கள் இரண்டு ஆண்டுதான் செல்லும். படிப்பு தொடங்கும் நாளிலும் அவை உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

வாய்ப்புகள் வரத் தொடங்கியதும் அவசரப்படுத்துவார்கள். ஏப்ரல் 15 தீர்மானத்தில் கையெழுத்திட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நிதியுதவி வாய்ப்புக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டமைப்புகள் சில நாட்களே தரலாம். ஆகவே மாதங்கள், நிகரத் தொகை, காப்பீடு, புதுப்பிக்கும் நிபந்தனை, திரும்பும் நிபந்தனை ஆகிய ஐந்தையும் கடிதம் வந்த அன்றே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று முடிவு செய்த இடத்துக்கு அதே நாளில் எழுதுங்கள், காத்திருப்புப் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு விசா எடுக்க அவகாசம் கிடைக்கும்.